ஊசி போட்டும் அத்தைக்கு ஃப்ளூ வந்ததே, டாக்டர்?

சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் 38 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வீவக அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்கு 71 வயது. பல வருடமாகச் சர்க்கரை, மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட். கணவருக்கு 43. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருக்கிறார், ஆனாலும் "எனக்கு ஒன்றுமில்லை" என்பவர். பாலர் பள்ளிக்குப் போகும் நான்கு வயது மகன். அத்தையைப் பார்த்துக்கொள்ளும் மியன்மார்ப் பணிப்பெண். அப்புறம் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் இவர்.

கடந்த ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை மகனுக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை அத்தைக்கு மருந்தகத்தில் முன்பே நாள் குறித்திருந்த ஃப்ளூ ஊசி. வெள்ளிக்கிழமை அத்தைக்கு 39 டிகிரி. ஞாயிற்றுக்கிழமை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரி. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் இன்ஃபுளுவென்சா ஏ, அதாவது ஃப்ளூவில் ஏ வகை. ஒரு வாரம் ஆக்சிஜனோடு வார்டில் இருந்தார். "அந்த ஊசிதான் என்னைப் படுக்க வைத்தது, இனி வேண்டவே வேண்டாம்" என்று அன்றிலிருந்து ஒரே பிடி. போதாததற்கு, ஊசி மருந்தை முட்டையில் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்; அத்தை சுத்த சைவம்.

கொழுந்தனார் தினமும் குடும்ப வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புகிறார். சிங்கப்பூரில் குளிர்காலமே இல்லை, ஃப்ளூ எங்கிருந்து வரும்? விஞ்ஞானிகள் ஊகித்துத்தான் ஊசி செய்கிறார்கள். முன்பு நான்கு வைரஸுக்குப் போட்டார்கள், இப்போது மூன்றுதான், காசு மட்டும் குறையவில்லை. அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும். இப்படி.

டிசம்பர் இரண்டாம் வாரம் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போகிறார்கள். கணவருக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது: சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும் நாளில் அம்மாவிடம் சொல்லாமலே ஊசியைப் போடச் சொல்லிவிடலாமா? இதற்கெல்லாம் நடுவில், போன முறை தனக்கும் காய்ச்சல் வந்து எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கியபோது மேலதிகாரி "முகக்கவசம் போட்டுக்கொண்டு வா, இல்லாவிட்டால் ஆண்டு விடுப்பில் கழித்துக்கொள்" என்றாராம். அது சரியா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கணவரின் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் சுலபம்: கூடாது. உங்கள் அத்தைக்கு வயதாகிவிட்டது, நோய் இருக்கிறது. ஆனால் அறிவு தெளிவாக இருக்கிறது. அப்படிப்பட்டவர் உடம்பில் அவர் சம்மதமில்லாமல் ஊசி போடும் உரிமை மகனுக்கும் இல்லை, மருமகளுக்கும் இல்லை, டாக்டருக்கும் இல்லை. எந்த நல்ல மருந்தகமும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. ஒருவேளை ஒத்துக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். என்றாவது ஒரு நாள் அது அவருக்குத் தெரிய வரும். அன்றிலிருந்து நீங்கள் எடுத்துக்கொடுக்கும் சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்ப்பார். ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தினால் வரும் ஆபத்து ஃப்ளூவைவிடப் பெரியது.

அவர் சம்மதிக்க வேண்டும் என்றால் ஜனவரியில் நடந்தது அவருக்குப் புரிய வேண்டும். அதை நீங்களும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. "ஊசி வேலை செய்யவில்லை" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். "ஊசிதான் நோயைக் கொடுத்தது" என்று அத்தை சொல்கிறார். இரண்டும் இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட கிழமைகளையே பாருங்கள். ஃப்ளூ வைரஸ் உள்ளே போய்க் காய்ச்சல் வர ஒன்று முதல் நான்கு நாள் ஆகும். பெரும்பாலும் இரண்டு நாள். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஒருவர் மற்றவருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். மகனுக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் என்றால் ஞாயிற்றுக்கிழமையே அவனிடமிருந்து பரவத் தொடங்கியிருக்கும். பாட்டி மடியில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புதன்கிழமை மருந்தகத்தில் கையை நீட்டியபோது அத்தையின் உடம்பில் வைரஸ் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஊசி போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். அவருக்குக் கிடைத்தது இரண்டே நாள். பேரனுக்கு வந்தது பாட்டிக்கும் வந்தது, அவ்வளவுதான். இதற்காகப் பேரனைக் குற்றம் சொல்ல வேண்டாம். அவனுக்கும் பாலர் பள்ளியில் யாரோ கொடுத்ததுதான்.

இங்கே கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. செயலிழக்கச் செய்த வைரஸின் துண்டுகள்தான். அதனால் ஃப்ளூ வர வழியே இல்லை. கை வலிக்கும், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் உடம்பு வலியும் லேசான சூடும் இருக்கும். 39 டிகிரியும் மூச்சுத் திணறலும் அந்த வகை அல்ல. அபாயமே இல்லையா என்றால், உண்டு: கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வமாக வரும், அதனால்தான் போட்டதும் சிறிது நேரம் உட்கார வைக்கிறார்கள். நரம்பைத் தாக்கும் கீயான்-பாரே என்ற நோய், பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு பேருக்குக் கூடுதலாக வரலாம். ஃப்ளூ வந்தாலும் அதே நோய் வரக்கூடும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அத்தைக்கு இது இதய விஷயம்

ஃப்ளூ ஊசி என்றாலே எல்லோரும் சளி, தும்மல், நாலு நாள் படுக்கை என்று நினைக்கிறார்கள். உங்களுக்கும் எனக்கும் அது சரி. ஸ்டென்ட் வைத்தவருக்கு விஷயம் வேறு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களுக்கு முதல் ஏழு நாளில் மாரடைப்பு அபாயம் ஆறு மடங்காக இருப்பதைக் காட்டியது. காய்ச்சலில் ரத்தம் எளிதில் உறைகிறது, நாளங்களின் உட்சுவரில் அழற்சி கூடுகிறது, இதயம் வேகமாக ஓடுகிறது, நுரையீரலிலிருந்து வரும் ஆக்சிஜனோ குறைகிறது. ஏற்கனவே அடைப்பு இருந்த இதயம் இத்தனையையும் ஒரே வாரத்தில் தாங்க வேண்டும்.

இன்னொரு ஆய்வு 2021இல் வந்தது. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசி, மீதிப் பேருக்கு உப்புநீர் ஊசி. 2,500க்கும் மேற்பட்டவர்கள், பல நாடுகளில். பங்ளாதேஷும் அதில் ஒன்று. ஓராண்டுக்குள் இறந்தவர்கள், மறுபடி மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது உப்புநீர் போட்டவர்களில் 7.2 விழுக்காடு, ஃப்ளூ ஊசி போட்டவர்களில் 5.3 விழுக்காடு. அத்தையிடம் பேசும்போது "காய்ச்சல் வராது அத்தை" என்று சொல்லாதீர்கள். அந்த வாக்குறுதியை உங்களால் காப்பாற்ற முடியாது. "இது உங்கள் இதயத்துக்காக" என்று சொல்லுங்கள். அது உண்மை, இதய டாக்டரும் அதையே சொல்வார்.

குளிரே இல்லாத ஊரில்

குளிர்காலமே இல்லாத ஊரில் ஃப்ளூ எப்படி என்ற கொழுந்தனாரின் சந்தேகத்தை நன்றாகப் படித்தவர்கள்கூட என்னிடம் கேட்பதுண்டு. குளிர் நாடுகளில் ஃப்ளூ குளிர்காலத்தில் மொத்தமாக வந்து போய்விடும். இங்கே அப்படியில்லை, வருடம் முழுக்க இருக்கும். ஆண்டு இறுதியை ஒட்டிய மாதங்களிலும் ஆண்டின் நடுவிலும் மட்டும் இரண்டு முறை கூடும். உலகத்தின் இரண்டு பாதிகளிலிருந்தும் சாங்கி வழியாக ஆட்கள் வந்து போகும் ஊர் இது. வடக்கில் குளிர்காலமானாலும் தெற்கில் குளிர்காலமானாலும் நமக்குப் பங்கு உண்டு.

இது புதிதும் அல்ல. 1918இல் உலகையே உலுக்கிய ஃப்ளூ சிங்கப்பூருக்கு இரண்டு அலையாக வந்தது. ஜூன்-ஜூலையில் ஒன்று, அக்டோபர்-நவம்பரில் ஒன்று. 2,870க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைய சின்ன ஊருக்கு அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று நினைத்துப் பாருங்கள். 1957இல் ஆசியாவில் கிளம்பிய அடுத்த பெருந்தொற்று மே மாதம் இங்கே பரவியது. அந்த வைரஸின் முக்கிய மாதிரி ஒன்றுக்கு ஆய்வுக்கூடங்களில் இன்றும் 'ஏ/சிங்கப்பூர்/1/57' என்றுதான் பெயர். கண்டெடுத்த ஊரை வைத்துப் பெயரிடுவது வழக்கம். 2016இல் சிங்கப்பூரில் எடுத்த, ஏ வகையைச் சேர்ந்த ஓர் எச்3என்2 வைரஸ், 2018ஆம் ஆண்டு ஊசியிலேயே இடம்பெற்றது. கொழுந்தனார் கேட்டால் சொல்லுங்கள்: ஃப்ளூ இல்லாத ஊரின் பெயரில் வைரஸ் இருக்காது.

ஊகம்தானா?

பாதி சரி. அந்த ஊகத்துக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்தால் அவர் அந்தச் சொல்லை இவ்வளவு அலட்சியமாகப் பயன்படுத்த மாட்டார்.

வைரஸின் மேல்பரப்பில் இருக்கும் இரண்டு புரதங்களைத்தான் நம் உடம்பு அடையாளம் கண்டு தாக்குகிறது. எச் என்றும் என் என்றும் சொல்வது அவற்றைத்தான். வைரஸ் பெருகும்போதெல்லாம் அவற்றில் சின்னச் சின்ன மாற்றம் வருகிறது. சில வருடங்களில் பழைய எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். தட்டம்மைக்குச் சிறு வயதில் போட்டால் போதும், இதற்கு மட்டும் ஏன் வருடா வருடம் என்பதற்குப் பதில் இதுதான். போட்ட ஊசியின் பலமும் மாதங்கள் போகப் போகக் குறையும். இங்கே வருடம் முழுக்க ஃப்ளூ இருப்பதால் முதியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் என்ன என்று சிங்கப்பூரிலேயே ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். இப்போதைய தேசியப் பரிந்துரை ஆண்டுக்கு ஒருமுறை அல்லது ஒரு பருவத்துக்கு ஒருமுறை.

மாறிக்கொண்டே இருக்கும் இந்த வைரஸைப் பின்தொடர உலக சுகாதார நிறுவனம் 1952இல் ஒரு கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. இன்று 130 நாடுகள் போல அதில் இருக்கின்றன. இங்கே பலதுறை மருந்தகங்களிலும் சில தனியார் மருந்தகங்களிலும் காய்ச்சலோடு வருபவர்களின் மூக்குச் சளி மாதிரிகள் தேசியப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்துக்குப் போகின்றன. முக்கியமான வைரஸ்கள் அங்கிருந்து மெல்பர்ன், தோக்கியோ, லண்டன், அட்லாண்டா போன்ற இடங்களில் உள்ள மையங்கள்வரை போகும். அங்கே அவற்றின் மரபணு வரிசையைப் படிக்கிறார்கள்; கீரி இனத்தைச் சேர்ந்ததுபோல் இருக்கும் ஃபெரெட் என்ற பிராணியின் ரத்தத்தை வைத்துப் பழைய எதிர்ப்புச் சக்தி புதிய வைரஸைப் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஃபெரெட்டுக்கும் மனிதருக்கும் ஃப்ளூ ஒரே மாதிரி வரும். 1933இல் லண்டனில் மனித ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தெடுக்க உதவியதும் அதுதான். பிப்ரவரியில் கூடி வட பாதிக்கும், செப்டம்பரில் கூடித் தென் பாதிக்கும் எந்த வைரஸ்களை ஊசியில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தேர்ந்தெடுத்து, வளர்த்து, சோதித்து, குப்பியில் அடைக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிறது. அந்த ஆறு மாதம் வைரஸ் சும்மா இருக்காது. 2014-15 குளிர்காலத்தில் எச்3என்2 இடையிலேயே மாறிவிட்டது; அமெரிக்காவில் அந்த ஆண்டு ஊசியின் பலன் 19 விழுக்காட்டில் நின்றது. நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் 40 முதல் 60 விழுக்காடு. சொல்லப்போனால் இதுவும் பிரமாதமான எண் அல்ல. தட்டம்மை ஊசியோடு ஒப்பிட்டால் ஃப்ளூ ஊசி சுமாரான ஊசிதான். டாக்டர்கள் இதை மறைக்காமல் சொன்னாலே பாதி வதந்தி அடங்கும் என்பது என் எண்ணம். ஆனால் தொற்றைத் தடுக்கத் தவறும்போதும் நோயின் கடுமையைக் குறைக்கிறது. அத்தை விஷயத்தில் நமக்கு வேண்டியது அதுதானே. வைரஸின் மாறாத பகுதியைக் குறிவைத்து, ஒருமுறை போட்டால் பல வருடம் நிற்கும் ஊசிக்கான ஆராய்ச்சியும் நடக்கிறது. அது வரும்வரை அத்தை காத்திருக்க முடியாது.

"மருந்து கம்பெனி வியாபாரம்" என்று கொழுந்தனார் சொல்வதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். பக்கத்து நாடான இந்தோனேசியா 2007இல் இதே காரணத்துக்காகத்தான் பறவைக் காய்ச்சல் மாதிரிகளை அனுப்ப மறுத்தது: எங்கள் நோயாளிகளின் வைரஸை இலவசமாக வாங்கி ஊசி செய்து, அதை எங்களுக்கே வாங்க முடியாத விலைக்கு விற்பீர்களா என்று கேட்டது. நியாயமான கேள்வி. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, மாதிரிகளைப் பகிர்ந்தால் பலனிலும் பங்கு என்ற உடன்பாடு 2011இல் வந்தது. வியாபாரம் உண்டு, அதற்காக வைரஸ் பொய்யாகிவிடாது.

நான்கு மூன்றான கதை இதைவிடச் சுவையானது. முன்பு ஊசியில் இரண்டு ஏ வகை, இரண்டு பி வகை. 2020இல் கோவிட்டுக்காக உலகமே முகக்கவசம் போட்டு வீட்டுக்குள் இருந்தபோது ஃப்ளூவும் அடங்கியது. சிங்கப்பூரிலும் ஏறக்குறைய காணாமல்போனது. மற்ற வகைகள் பிறகு திரும்பிவிட்டன. பி வகையில் யமகாட்டா என்ற கிளை மட்டும் 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. இல்லாத வைரஸுக்கு எதற்கு ஊசி? எடுத்துவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது, எடுத்துவிட்டார்கள். யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

முட்டையும் சைவமும்

அத்தையின் இந்தத் தயக்கத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். வாழ்நாள் முழுக்கக் காத்த விரதம் அது. யாரோ சொன்னதும் உண்மைதான்: பெரும்பாலான ஃப்ளூ ஊசிகளுக்கான வைரஸை 1940களிலிருந்தே கருவுற்ற கோழிமுட்டைக்குள் வளர்க்கிறார்கள். பிறகு பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். முட்டைப் புரதம் மிக நுண்ணிய அளவில் மிஞ்சலாம். முட்டையே இல்லாமல், வளர்ப்பு உயிரணுக்களில் செய்யும் ஊசியும் உண்டு. விஞ்ஞானிகள் அந்த வழிக்குப் போனதற்குச் சைவம் காரணமல்ல. முட்டையில் வளரும்போது எச்3என்2 முட்டைக்கேற்ப மாறிக்கொள்கிறது, அதனால் பொருத்தம் குறைகிறது என்பது ஒரு காரணம். அத்தைக்கு அது வசதியாகப் போயிற்று! மருந்தகத்தில் அந்த வகை இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே கிடைக்கும், கூடுதல் செலவு ஆகுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் முட்டையில் செய்ததுதான் இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லி, முடிவை அவரிடம் விடுங்கள். மருந்தாக எடுப்பதைப் பலர் விரதபங்கமாகக் கருதுவதில்லை. ஆனால் அதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும், நானல்ல.

பேசுவதற்கு ஆள் யார் என்பதும் முக்கியம். மருமகள் சொல்வதைவிட, ஸ்டென்ட் வைத்த டாக்டர் அடுத்த சந்திப்பில் இரண்டு வார்த்தை சொல்வது எடுபடும். உங்கள் கணவர் கூடப் போகட்டும், ரகசியம் பேச அல்ல. "ஜனவரியில் நீங்கள் பயந்துபோனது எங்களுக்குத் தெரியும் அம்மா" என்று அவர் முதலில் சொல்லட்டும். இதுவரை வீட்டில் யாரும் அதைச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அத்தனைக்குப் பிறகும் வேண்டாம் என்றால், விட்டுவிடுங்கள். சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்வதே அவருக்கு ஓரளவு காப்பு.

மற்றவர்கள்

"எனக்கு ஒன்றுமில்லை" என்னும் உங்கள் கணவர், ஆஸ்துமா காரணமாகத் தேசியப் பரிந்துரைப் பட்டியலில் இருக்கிறார். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், நாட்பட்ட நோய் உள்ள பெரியவர்கள், கர்ப்பிணிகள், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரும் அதில் உண்டு. ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசு சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்கு, பரிந்துரைக்கப்பட்ட ஊசிகள் பதிவு செய்த மருந்தகத்தில் இலவசம். கணவர் 40ஐத் தாண்டியவர், சேரலாம். மகனுக்கும் குடிமகன் என்றால் பலதுறை மருந்தகத்திலோ சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்ட) மருந்தகத்திலோ முழுச் சலுகை கிடைக்கும். அவன் இதுவரை போட்டதில்லை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும்.

உங்களுக்கு நோய் எதுவும் இல்லை; பட்டியலில் வரமாட்டீர்கள், கைக்காசு போட வேண்டியிருக்கும். பணிப்பெண்ணுக்கும் நீங்கள்தான் செலுத்த வேண்டும். நாள் முழுக்க அத்தைக்கு அருகில் இருப்பவர் அவர். உங்களைவிட அவர் போட்டுக்கொள்வதே அவசரம். அவரிடமும் கேட்டுவிட்டுத்தான்.

விடுப்பு விஷயம். நான் வழக்கறிஞர் அல்ல, ஆனால் எம்.சி. எழுதும் ஆள் என்பதால் இது தெரியும். வேலைச் சட்டத்தின்படி ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்குச் சம்பளத்தோடு 14 நாள் நோய் விடுப்பு உண்டு. எம்.சி. வாங்கி, 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரியிடம் தெரிவித்துவிட்டால் அதை ஆண்டு விடுப்பில் கழிக்கச் சொல்ல முடியாது. மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மகனுக்குக் காய்ச்சல் என்று நீங்கள் வீட்டில் இருந்தால் அது நோய் விடுப்பில் வராது. ஏழு வயதுக்குட்பட்ட குடிமக்களின் பெற்றோருக்கு இருக்கும் ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறதே, அது. அப்பாவுக்கும் ஆறு நாள் உண்டு, அவரும் எடுக்கலாம்!

வந்துவிட்டால்

அன்னாசிப்பூக் கதையில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு நாள் சுற்றுகிறது. ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரையைச் செய்ய ஷிக்கிமிக் அமிலம் என்ற பொருள் வேண்டும்; அது அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அந்த அமிலம் மருந்தாவதற்குள் தொழிற்சாலையில் பல படி ரசாயன மாற்றங்களைத் தாண்ட வேண்டும். பிரியாணிக்குப் போடும் பூவைக் கொதிக்க வைத்தால் வாசனையான வெந்நீர் கிடைக்கும். குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். நிலவேம்புக் கஷாயம் மட்டும் அத்தைக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அதிகம் இறக்கிவிடக்கூடும் என்ற கவலை உண்டு.

நிஜமான ஒசெல்டாமிவிர், அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும். போன முறை அத்தை வெள்ளியிலிருந்து ஞாயிறுவரை பனடால் (பாராசிட்டமால்) மாத்திரையோடு காத்திருந்தார். இனி அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றே டாக்டரிடம் போய், "வீட்டில் ஃப்ளூ இருக்கிறது, இவருக்குச் சர்க்கரையும் ஸ்டென்ட்டும் உண்டு" என்று நீங்களே சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து அளவை அவர் முடிவு செய்வார். சென்னையில் வாங்கி மிச்சம் வைத்திருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள், அது வைரஸை ஒன்றும் செய்யாது. மகனுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஃப்ளூ வந்த பிள்ளைகளுக்கு அது மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும் ரை நோயைக் கொண்டுவரலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, உதடு நீலமாவது, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. மூச்சோ நெஞ்சோ என்றால் நேரே 995, ஆம்புலன்ஸ்.

சென்னைப் பயணம். அங்கே வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஃப்ளூ கூடும், அதனால் ஊசி போட நல்ல காரணம் இருக்கிறது. புதிய வட பாதி ஊசி வழக்கமாக அக்டோபர் வாக்கில் இங்கே வரும். மகனுக்கு முதல் ஊசியை அக்டோபர் பாதிக்குள் போட்டால் இரண்டாவது நவம்பர் நடுவில் முடியும்; மற்றவர்கள் நவம்பர் மூன்றாம் வாரத்தைத் தாண்ட வேண்டாம். அன்றைக்கு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால், அத்தைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள். போன முறை நடந்த குழப்பம் மறுபடி வேண்டாம். அத்தையின் மருந்துப் பட்டியலும் ஸ்டென்ட் விவரமும் கைப்பையில் இருக்கட்டும். பயணக் காப்புறுதி ஏற்கனவே இருக்கும் நோய்களுக்குச் செல்லுமா என்று வாங்குவதற்கு முன் படித்துப் பாருங்கள், பல செல்லாது. கிளம்பும் நாளில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பனடால் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மாத்திரை இல்லாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லை என்ற பிறகு அவர் கிளம்பட்டும். முகூர்த்தம் தவறினாலும் வரவேற்புக்குச் சேர்ந்துகொள்ளலாம்.